டேங்க் மூடியில் ஒரு துளை

பெட்ரோலும் கெட்டுப்போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பால் மாதிரி ஒரே நாளில் திரிந்துவிடாது, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். முதலில் வாசனை மாறும், பிறகு நிறம் மாறும், கடைசியில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பிசினாக ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் உட்கார்ந்திருக்கும். சில உறவுக்காரர்களும் அப்படித்தான். நீங்கள் கேட்டது அதைப் பற்றி இல்லை, தெரியும்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி ஒரு கட்டுக் காகிதமும் மை கசிகிற ஒரு பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள், சார். எழுதுகிறேன். கடைகளின் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருபத்தோரு வருடம் இருந்தவன் நான். ஒரு கிராம் குறைந்தாலும் குறித்துவைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வண்டி எங்கள் அப்பாவுடையது. ஜப்பான்காரன் செய்தது, நாற்பத்திரண்டு வயது, இரண்டு சிலிண்டர். அப்பாவுக்குக் கண் மங்கியதும் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார், டேங்க் நிறையப் பெட்ரோலோடு. ஒன்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்ததைப் பெட்ரோல் என்று சொன்னால் பெட்ரோலே கோபித்துக்கொள்ளும்.

ஒரு கைப்பிடி நட்டுகளை உள்ளே போட்டு, வினிகர் ஊற்றி, நாள் கணக்கில் குலுக்கி டேங்கின் துருவை எடுத்தேன். கார்புரேட்டர் இரண்டையும் சமையலறை மேசையில் பிரித்துப் பரப்பினேன். அதில் ஜெட் என்று ஒன்று உண்டு. பித்தளையில் ஒரு சின்னத் துண்டு, நடுவில் தலைமுடி நுழைகிற அளவுக்குத் துளை. பெட்ரோல் அளவாகப் போவது அதன் வழியாகத்தான். அடைத்துக்கொண்டால் ஊறவைத்து, காற்றால் ஊதி எடுக்க வேண்டும். எதையும் உள்ளே விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு மாதம் ஆனது. செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன், மூன்று குறிப்பேடுகள். என் தங்கை மேசையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் அடுப்பு மேடையிலேயே நின்றுகொண்டு காய் நறுக்கப் பழகிவிட்டாள். "இந்நேரத்துக்கு ஒரு கல்யாணம் பண்ணிப் பிள்ளையே பெத்திருக்கலாம்ணா" என்பாள். தேநீரையும் கொண்டுவந்து வைப்பாள், பாகங்கள்மேல் சிந்தாமல் ஓரமாக. அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

வண்டி கிளம்பிய அன்று, சத்தத்தைக் கேட்டு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுப்பா. நீ எங்க ஓட்டப் போற, கழட்டிக் கழட்டிப் பாத்துக்கிட்டு இருப்ப."

இரண்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். சொன்ன சொல் மட்டும் இருந்தது.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர், வீட்டோடு மாப்பிள்ளை. நல்ல மனிதர், அதை யாரும் மறுக்க முடியாது. அவர் என் தங்கையை அடித்தாரா, குடித்தாரா என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். உங்களுக்கு ஒரு நல்ல காரணத்தைக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவளைத் தங்கமாகத்தான் வைத்திருந்தார். தலைவலி என்றால் அவரே சமைப்பார். வண்டியைத்தான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

சோக்கை இழுத்துவிட்டுத் தெருமுனைவரை அப்படியே போவார். வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் டேப்பை மூட மாட்டார். ஞாயிறு மாலை தவறாமல் கழுத்துவரை பெட்ரோல் போட்டு, வழிந்ததைப் பெயிண்ட்மேல் காயவிடுவார். வண்டிக்குக் 'கிழவி' என்று பெயர் வேறு. நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வழியில் திணறினால் மேலே உட்கார்ந்துகொண்டு உதைக்காதீர்கள், உடனே இறங்கி, இடது பக்கம் குனிந்து, டேப்பை ரிசர்வுக்குத் திருப்புங்கள் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "சரி மச்சான், சரி மச்சான்" என்பார். காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியாது.

போன மாதம் ஒருநாள் வண்டி கிளம்பவில்லை. நான் வேலையிலிருந்து வருவதற்குள் அவரே சரிசெய்துவிட்டார். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சும்மா ஊசிய விட்டு ரெண்டு குத்து குத்தினேன் மச்சான், கிழவி பளிச்சுன்னு கிளம்பிட்டா. இதுக்குப் போயி நீங்க பதினாலு மாசம் உக்காந்திருந்தீங்களே."

தங்கையின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த ஊசி. நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. உள்ளே போய்க் கை கழுவினேன், வெகுநேரம் கழுவினேன். அப்படி ஒரு எரிச்சல் அப்பா வண்டியைத் தூக்கிக் கொடுத்தபோதுகூட வரவில்லை.

டேங்க் மூடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுத்துளை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதை அடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் வண்டி ஒழுங்காக ஓடும், பிறகு பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும், ஒன்றுமே நடக்காத மாதிரி. டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும். கழுத்துவரை போடுகிற பழக்கம் அவருடையது, அதற்கு நான் பொறுப்பில்லை.

வீட்டிலிருந்து ஆறாவது நிமிடம் பெரிய பாலம் வரும். ஒதுங்க இடமில்லாத ஏற்றம், பின்னால் கல் குவாரி லாரிகள். மாப்பிள்ளையின் எடை எண்பத்தெட்டு, என்னுடையது அறுபத்து நான்கு. அதனால் இருபத்து நான்கு கிலோ மணலைப் பையில் கட்டிப் பின்சீட்டில் வைத்து, அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில், வேறு சாலையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஏழு நிமிடம் நாற்பது விநாடியை ஒட்டியே நின்றது. குறித்துவைத்தேன்: மூன்றாவது குறிப்பேடு, பக்கம் அறுபத்தொன்று. நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்படுகிறீர்கள். அலமாரியில்தான் இருந்தது, முதுகில் எண் ஒட்டி. ஏன் கிழித்துப் போடவில்லை என்று உங்கள் உதவியாளர் கேட்டார். கிழித்தால் அறுபதுக்கு அடுத்த பக்கம் அறுபத்து மூன்று என்று வரும். அதற்குப் பேர் குறிப்பேடா?

திங்கட்கிழமை காலை துளையை அடைத்துவிட்டு, வாசலில் நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தங்கை கைப்பையோடு வந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். தினமும் அழைத்துப்போகிற வேன் அன்றைக்கு வரவில்லையாம். அந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை, பழசு என்று பயம். ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வண்டி நல்லா இருக்குல்ல? நம்பி ஏறலாமா?"

சார், நீங்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லலாம், ஆனால் என்ன சொல்வது? வண்டியில் கோளாறு இருக்கிறது என்றா? தெருவில், அந்த மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, நான் பதினான்கு மாதம் பார்த்த வேலையில் குறை இருக்கிறது என்று என் வாயாலேயே சொல்வதா? அவர் அடுத்த நிமிடமே ஊசியைத் தேடிக்கொண்டு போயிருப்பார்.

"நான் பாத்த வண்டிம்மா. தாராளமா ஏறு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு ஏறினாள். அவளுடைய எடை ஐம்பத்திரண்டு. வண்டி தெருமுனையைத் திரும்புவதற்குள் மனக்கணக்குப் போட்டேன். எடை கூடினால் பெட்ரோல் கூடக் குடிக்கும், முப்பது விநாடி முன்னதாகவே நிற்கும். அப்போதும் பாலத்தின்மேல்தான். கணக்கு சரியாக இருந்தது என்று பிறகு உங்கள் அறிக்கையில் பார்த்தேன்.

என் கணக்கில் வராதது ஒன்றுதான். வண்டி திணறியதும் மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து உதைக்கவில்லை. உடனே இறங்கினார், இடது பக்கம் சுவரோரமாகக் குனிந்தார், டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினார். நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு வரி பிசகாமல். தங்கை வண்டிக்குப் பின்னால் போய் நின்று, வருகிற லாரிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். லாரி அவளைத்தான் முதலில் அடித்தது, அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவருக்குக் கால் மட்டும் முறிந்தது. வந்த நாளிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

லாரி ஓட்டுநரை விட்டுவிடுங்கள், அவர்மேல் தப்பில்லை. துளையை அடைத்தது நான், ஏறச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி உங்கள் காவல் நிலையத்துப் பின்பக்கம் வெயிலில் நிற்பதாகச் சொன்னார்கள். டேங்கில் சின்னச் சொட்டை விழுந்திருக்கிறதாம், அது போகட்டும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலை மட்டும் யாரையாவது விட்டு வடித்துவிடச் சொல்லுங்கள், பிசினாகிவிடும். வண்டி நன்றாக இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய்யாகிவிடக் கூடாது.