இண்டைக்குச் சின்யோரா என்ன சொன்னவ?

யூலியானா: இண்டைக்குச் சின்யோரா என்ன சொன்னவ?

யோசேப்: முதல் சோத்தைப் போடுமன். இன்னும் சப்பாத்துக் கூடக் கழட்டேல்லை.

யூலியானா: சோறு எங்கை ஓடப்போகுது? நேற்று அந்தச் சேனாதிபதியோடை நிப்பாட்டினனீங்கள். ஹூணரை அடிச்சுக் கலைச்சவன்.

யோசேப்: ஓ... அவனை வெட்டிப்போட்டாங்கள்.

யூலியானா: ஆர், ஹூணரோ?

யோசேப்: சக்கரவர்த்தி. ரோமாபுரிச் சக்கரவர்த்தியே தன்ரை கையாலை வாளை உருவி... அவன் பாவம், வரிக்கணக்குச் சொல்லிக்கொண்டு நிண்டவனாம்.

யூலியானா: ஏனாம்?

யோசேப்: பொறாமை. சனமெல்லாம் சேனாதிபதி, சேனாதிபதி எண்டு திரிஞ்சுது. அரண்மனை வேலைக்காரன் ஒருத்தன் வேறை காதுக்கை ஊதிக்கொண்டே இருந்தவன்.

யூலியானா: ஆரும் ஊதாமலே எனக்கு அந்தச் சக்கரவர்த்தியை விளங்குது.

யோசேப்: உமக்கென்ன விளங்குது?

யூலியானா: இந்த வீட்டிலையும் சின்யோரா, சின்யோரா எண்டுதானே கேக்குது.

யோசேப்: அட ஆண்டவரே! எண்பது தாண்டின இத்தாலிக்கார மனிசி, நான் சம்பளத்துக்குப் பாக்கிறவ. கண்ணும் தெரியாது. சூப்பைப் பருக்கி, புத்தகத்தை வாசிச்சுக் காட்டிப்போட்டு வாறன். அவவிலை உமக்குப் பொறாமையோ?

யூலியானா: கண் தெரியாதவவுக்கு ஏன் அயன் பண்ணின சேட்டு? அதுவும் இந்த வெயிலுக்கை நீளக்கை?

யோசேப்: அந்தத் தண்ணியை இஞ்சாலை தள்ளுமன்.

யூலியானா: கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை என்னோடை என்னத்தைக் கதைச்சிருக்கிறியள்? பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்க வேணும். கறிக்கு உப்புக் காணாது. பிள்ளை பஸ்ஸை விட்டிட்டாள். அவவோடை எண்டா ராச்சியம் விழுந்த கதை!

யோசேப்: அவ யூனிவசிற்றியிலை அதைத்தானே படிப்பிச்சவ. வேறை என்னத்தைக் கதைப்பா?

யூலியானா: சரி, பொறாமையாலைதான் ரோமாபுரி விழுந்ததோ?

யோசேப்: அதாலை மட்டும் எண்டில்லை. ஆபிரிக்காவை வடக்கையிருந்து வந்த வண்டாலர் எண்ட கூட்டம் பிடிச்சுப்போட்டுது. கோதுமையும் வரியும் அங்கையிருந்துதான் வந்தது. காணிபூமி வைச்சிருந்த பெரியாக்கள் வரி கட்டமாட்டினம். படைக்குச் சம்பளம் இல்லை. அந்த வண்டாலர் இஞ்சை பலேர்மோவையும் வந்து வளைச்சவங்கள், தெரியுமே?

யூலியானா: இதுவும் அவ சொன்னதோ?

யோசேப்: பின்னை?

யூலியானா: அவவின்ரை குரல் எப்பிடி... வடிவான குரலோ?

யோசேப்: யூலியானா, சோறு ஆறுது.

யூலியானா: நீங்கள்தானே தொடேல்லை. சூடை மீன், உங்களுக்கெண்டு பல்லரோச் சந்தைக்குப் போய் வாங்கினது. அங்கை சாப்பிட்டனீங்களோ?

யோசேப்: ஓம்... கொஞ்சம் பாஸ்தா அவிச்சுத் தந்தவ.

யூலியானா: கண் தெரியாதவ அவிச்சவ.

யோசேப்: அது... மகள் வந்து நிண்டவ.

யூலியானா: ம்... பிறகு? சேனாதிபதி செத்தாப்பிறகு?

யோசேப்: அடுத்த வரியம் சேனாதிபதியின்ரை ஆக்கள் சக்கரவர்த்தியை வெட்டிச் சாய்ச்சாங்கள். பிறகு வண்டாலர் கப்பலேறி ரோமாபுரிக்கே வந்தாங்கள். தடுக்க ஆளில்லை. சின்யோரா என்ன சொல்லுறா எண்டா, அந்த அரண்மனையிலை கெட்ட செய்தியை ஒருத்தரும் நேரை சொல்லமாட்டினமாம். மறைச்சு மறைச்சே...

யூலியானா: அதை எப்ப சொன்னவ?

யோசேப்: இண்டைக்குத்தான். பின்னேரம்.

யூலியானா: பல்லரோவிலை மீன்காரன் நிக்கிற சுவரிலை ஒரு மரண அறிவித்தல் ஒட்டிக்கிடக்கு. கறுப்புக் கரை போட்டது. அவவின்ரை பெயர். ஒட்டின நாளே கண்டனான். இப்ப வெயிலிலை எழுத்தும் வெளிறிப்போச்சு.

யோசேப்: கண்டும் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?

யூலியானா: கண்டவுடனை எனக்குச் சந்தோசம். மாதா மன்னிக்கவேணும், சந்தோசம்தான். இனி மனிசன் வீட்டிலை இருக்கும் எண்டு நினைச்சன். அடுத்த நாள் பாத்தா, நீங்கள் திரும்பவும் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டியள்.

யோசேப்: வேறை ஒருத்தி எண்டு நினைச்சீராக்கும்.

யூலியானா: பின்னை என்ன நினைக்கிறது? பிள்ளையின்ரை கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸிலை பின்வாசலாலை ஏறினன்.

யோசேப்: விசரி... நான் எங்கை இறங்கினனான் எண்டு கண்டனீரோ?

யூலியானா: ஆஸ்பத்திரி வாசலிலை.

யோசேப்: கண்டிருக்கிறீர்.

யூலியானா: உங்கடை இந்த நோய் அவவுக்குத் தெரியுமோ? சாக முதல்?

யோசேப்: அவதான் முதல் கண்டுபிடிச்சவ. கண் தெரியாட்டிலும் காது கூர்மை எல்லோ. "யோசேப், முந்தி ஒரே மூச்சிலை வாசிக்கிற பக்கத்துக்கு இப்ப நிண்டு நிண்டு போறாய், டொக்டரிட்டைப் போ" எண்டவ.

யூலியானா: பக்கத்திலை படுக்கிற எனக்குக் கேக்கேல்லை. அவவுக்குக் கேட்டிருக்கு.

யோசேப்: நீர் பயப்பிடுவீர் எண்டுதான்...

யூலியானா: அவவுக்குச் சொன்னனீங்கள். எனக்குச் சொல்லேல்லை.

யோசேப்: நான் சொல்லேல்லை, அவவாத்தான்... இஞ்சேரும், அழாதையும். அவ செத்தாப்பிறகு உமக்குச் சொன்ன கதையெல்லாம் அவ தந்த புத்தகத்திலை இருந்தது. மருந்து ஏறேக்கை சும்மா படுத்திருக்க ஏலாது. வாசிச்சுப்போட்டு வந்து உமக்கு...

யூலியானா: தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலை, வாங்கிலை, நீங்கள் போற நாளெல்லாம் நானும் இருந்தனான். கை ஒண்டிலை ஊசி, மற்றக் கையாலை பக்கம் பிரட்டுவியள். நான் கேக்காட்டி நீங்கள் வாசிக்கமாட்டியள் எண்டுதான், செத்தவ என்ன சொன்னவ எண்டு வந்து வந்து கேட்டனான். நாளைக்கு உள்ளுக்கு வாறன். புத்தகத்தைத் தாங்கோ, நான் வாசிக்கிறன்... அவ சொல்லுற மாதிரி இல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.