அலுமாரிக்கு வள்ளக் கயிறு

உடப்பிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்த என் கை, யன்னலோரத்து அக்காவின் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டது.

“எங்கட மனிசன் அலுமாரியைக் கட்டிப் போட்டிருக்கார்.”

“ஏன், ஓடிருமா?”

“பெட்டியில துண்டு துண்டா வந்ததைப் பூட்டின அலுமாரிதானே. கதவைத் திறந்தா முன்னால சரியுது. பேத்தி வேற அதைப் பிடிச்சுத்தான் எழும்புது. அதுதான் வள்ளம் கட்டுற கயிற்றால யன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டினார்.”

“நல்லதுதானே?”

“எங்க நல்லது! கயிற்றை இளக்கி விட்டிருக்கார். கேட்டா, தண்ணி ஏறி இறங்க இடம் வேணுமாம்.”

“வீட்டுக்குள்ளயா?”

“வள்ளம் கட்டிக் கட்டிக் கை பழகிப்போச்சு. சொன்னாலும் கேக்கிற ஆளில்ல. அவர் கடலுக்குப் போன நேரம் பார்த்து, எல் எழுத்து மாதிரி வளைஞ்ச இரும்பு வாங்கி, அலுமாரியின்ர மேல்பக்கத்தைச் சுவரோட ஸ்குரூ ஆணி போட்டு முறுக்கிட்டன். இப்ப அசையாது. அவர் என்னண்டா, தன்ர முடிச்சுத்தான் பிடிச்சு வச்சிருக்கு எண்டு கரையெல்லாம் சொல்லித் திரியிறார்.”

மற்றவளின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“அக்கா, அந்தக் கதையைக் கேட்டிட்டுத்தான் எங்கட ஆளும் நேத்து அலுமாரியைக் கட்டினவர்.”

“இறுக்கியா, இளக்கியா?”

புத்தளத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த இருவரும், மதுரங்குளியில் ஹாட்வெயார் கடையைக் கண்டதும் ஒன்றாக எழுந்து மணியை அடித்தார்கள்.