பாப்பம்மாள் ஆடு எப்போது படுக்கும்?

கையிலே கடிகாரமும் கண்ணிலே கண்டிப்புமாக அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஆயர் பெருமகனார் அவர்களே! கம்பளிக் குல்லாயோடு முன்வரிசையிலே கொலுவீற்றிருக்கும் சபை மூப்பர்களே! பக்கத்து ஹட்டிக் கிராமத்திலிருந்து வெள்ளை முண்டாசும் வெள்ளை மனசுமாக வந்திருக்கும் படுகர் குலப் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து விறகு பிளந்து, மழையிலே நின்று கொழுந்து கிள்ளி, வீடு திரும்பி உலை வைத்து, அத்தனைக்கும் பிறகு என் பேச்சையும் தாங்கிக்கொள்ளத் துணிந்து வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! மைக்செட் போட்டிருக்கும் தம்பியே... அந்த ஊளையைக் கொஞ்சம் குறைச்சுடு கண்ணு... உங்கள் அனைவருக்கும் இந்த நாச்சிமுத்துவின் நனைந்த மாலை வணக்கம்!

அறுப்பின் பண்டிகை நோட்டீசில் என் பெயருக்கு நேரே அச்சடித்திருக்கும் தலைப்பைப் பார்த்தீர்களா? “வேதத்தின் தீர்க்கதரிசனங்கள் நிறைவேறினவா?” நெற்றியிலே திருநீறு, தொழிலோ மளிகை. பருப்பு வேகுமா என்று கேளுங்கள், பதில் சொல்வேன். பழைய வாக்கு பலிக்குமா என்று என்னைக் கேட்கலாமா?

ஆயர் ஐயாவிடமே போனேன். “ஏனுங்க, சபையில ஆளா இல்லைங்க?” என்றேன். “சபையில யாரைக் கூப்பிட்டாலும் ரெண்டு கட்சியாயிடுதுங்க. நீங்க அன்னைக்கு அங்க நின்னீங்க. பார்த்ததை அப்படியே சொல்லிட்டுப் போயிடுங்க” என்றார். ஆகவே, அன்பர்களே, ஆராய்ச்சி வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறேன்.

தேயிலை விலை விழுந்த காலம்! விழுந்தது என்றால் எப்படி விழுந்தது? வழுக்கி விழுந்ததா? வளைந்து விழுந்ததா? பர்லியார் வளைவிலே பிரேக் போன லாரியாக விழுந்தது! நம் வெள்ளிப்பாறை எஸ்டேட்டின் முதலாளி, “கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வர்றேன்” என்று காரில் ஏறினார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார்! ஃபேக்டரிக்குப் பூட்டு. சம்பளத்துக்குப் பூட்டு. வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாமல் இடுப்பளவு நின்ற தேயிலைச் செடி, ஆளை மறைக்கும் மரமாயிற்று. அந்த மரத்துக்குள்ளே காட்டெருமை வந்தது. கரடி வந்தது. கடைசியிலே சிறுத்தையும் வந்தது. வராதவர் ஒருவர்தான், முதலாளி!

அந்தப் பஞ்ச காலத்திலே என் கடை வாசலில் நாள் தவறாமல் இரண்டு பேருக்கு வாய்ச்சண்டை. ஒருவர் நம் உபதேசியார் எட்மண்ட். மற்றவர் தொழிற்சங்கச் செயலாளர் செல்லையா. சிலோன் தோட்டத்திலே பிறந்து, கப்பலேறி வந்து, இங்கே லயத்திலே, தோட்டத்து வரிசை வீட்டிலே, குடியேறியவர்.

உபதேசியார் சொல்வார்: “பஞ்சம் வரும்னு வேதம் சொல்லுச்சு, வந்துச்சு. மலை அசையும்னு சொல்லுச்சு. போன மழையில கோத்தகிரி ரோடே அசைஞ்சு போச்சு. எல்லாம் நிறைவேறிட்டே வருது. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. புலியும் வெள்ளாட்டுக்குட்டியும் ஒண்ணாப் படுக்கும். அது நடந்துட்டா அப்புறம் பசி கிடையாது, பயம் கிடையாது.”

அதற்குச் செல்லையா சொல்வார்: “ஓய் உபதேசியாரே, என்னையும் இப்படித்தான் ஏத்திவிட்டாங்க. அக்கரைக்குப் போ, அங்க பாலும் தேனும் ஓடும்னாங்க. மண்டபம் கேம்ப்புல எறங்கிப் பார்த்தேன். பாலும் இல்ல, தேனும் இல்ல. தேயிலையாச்சும் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு. எவனோ சொன்ன சொல்ல நம்பி எத்தன தடவைதான் மூட்டையத் தூக்கிறது?”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இருவருமே சிரிக்கவில்லை. உபதேசியாரின் ஒரே மகள் ரோஸ்மேரி அந்த மாதம்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியிருந்தாள். ஞாயிறுதோறும் கோயிலிலே ஒரு பெஞ்சு காலியாகிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி வாக்கும் பலிக்காவிட்டால், அந்த மனிதன் காலி பெஞ்சுகளுக்கு எதைச் சொல்லிப் பிரசங்கம் செய்வான்?

இப்படி இருக்கையிலே, ஒரு மழைநாள் காலை. நம் பாப்பம்மாள் இருக்கிறாளே, தெரியுமல்லவா? தெரியாத வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கிற வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது ஒரு வெள்ளாடு, அதுவும் சினை. சம்பளம் நின்ற பிறகு அவளுக்குச் சொத்து அது, சொந்தம் அது, பேச்சுத்துணையும் அதுவே. மழைக்கு ஒதுக்கமாக இருக்கட்டும் என்று, எடை போட இலை இல்லாமல் சும்மா கிடந்த கொழுந்து மடுவத்திலே, அதுதான் அந்தத் தகரக் கொட்டகையிலே, ஆட்டை விட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

காலையிலே போய்க் கதவைத் திறந்தாள். முதலில் தெரிந்தது வால். நம்ம ஆட்டுக்கு இவ்வளவு நீள வால் எப்போது முளைத்தது என்று ஒரு கணம் யோசித்திருக்கிறாள்! வாலிலே புள்ளி இருந்தது. அடுத்த கணம் கதவைச் சாத்தித் தாழ் போட்டு அலறினாள் பாருங்கள், ஹட்டிக்கே கேட்டது!

ஓடினோம். கொட்டகைக்குப் பின்னே மேடு. மேட்டிலிருந்து சன்னல் கைக்கெட்டும் உயரம். உள்ளேயோ இரண்டாள் ஆழம். குதித்த சிறுத்தைக்கு வழவழத் தகரத்திலே ஏற வழியில்லை. தகர இடுக்கிலே கண் வைத்துப் பார்த்தேன். என்ன கண்டேன்? கிழித்த ஆட்டையா? இல்லை! கிழக்கு மூலையிலே சிறுத்தை படுத்திருக்கிறது. மேற்கு மூலையிலே ஆடு நின்றுகொண்டு, பழைய கொழுந்துச் சாக்கை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது!

எட்மண்ட் எட்டிப் பார்த்தார். சேற்றிலே அப்படியே முழங்காலிட்டார். பிறகு எழுந்து ஓடிப்போய்க் கோயில் மணியை இழுத்தார். கயிறு அறுகிற வரை இழுத்தார்! “காத்திருந்த நாள் வந்துடுச்சு! வாங்க! எல்லாரும் வாங்க!”

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! குன்னூரிலிருந்து வந்தார்கள், கோத்தகிரியிலிருந்து வந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத மூன்று சபையார் மூன்று ஜீப்பிலே வந்தார்கள். கடலைக்காரர் வந்தார், கலர் பலூன்காரர் வந்தார். கூட்டத்தைக் கண்டு கூடலூர் பஸ்ஸே நின்றுவிட்டது!

செல்லையா விடுவாரா? “ஓய், வேதத்துல புலின்னுதானே போட்டிருக்கு? இது சிறுத்தை!”

“சிறுத்தையும் புலிதான்யா. சிறுத்தைப்புலி!”

“சரி, வெள்ளாட்டுக்குட்டின்னு போட்டிருக்கே? பாப்பம்மா ஆடு குட்டியா? அது மூணு ஈத்து ஈன்ற கெழவி!”

“அதோட வயித்துக்குள்ள குட்டி இருக்கே!”

கூட்டம் ஆரவாரம் செய்தது. செல்லையா அசரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “ரெண்டும் படுக்கணும்னுதானே போட்டிருக்கு? புலி படுத்திருக்கு. ஆடு நிக்குது. நிக்கிற ஆட்டுக்கு உம்ம வேதம் செல்லாது!”

உபதேசியார் மறுபடியும் இடுக்கிலே எட்டிப் பார்த்தார். ஆம், ஆடு நின்றுகொண்டிருந்தது. அப்புறம் என்ன? கூடியிருந்த அத்தனை பேருக்கும் ஒரே கேள்வி, ஒரே கவலை, ஒரே ஜெபம். பாப்பம்மாள் ஆடு எப்போது படுக்கும்? இடுக்கிலே பார்க்கிறவர் திரும்பிச் சொல்லுவார்: “முன்னங்காலை மடக்குது... மடக்குது... இல்ல, சொறியுது!” கூட்டம் “ஐயோ” என்னும். படுக்கும் என்றொரு கட்சி, படுக்காது என்றொரு கட்சி! என்னங்க? நானா? நான் மளிகைக்காரனுங்க, ரெண்டு கட்சிக்கும் முறுக்கு வித்தேன்!

மதியத்துக்குள்ளே வனத்துறை வந்தது, போலீஸ் வந்தது, தாசில்தாரும் வந்தார். தாய்மார்களே, சற்றே எண்ணிப் பாருங்கள்! லயத்திலே அடுப்பெரியவில்லை என்று எத்தனை மனு கொடுத்தோம்! குழந்தைகள் கீரையைக் கிள்ளித் தின்று கிடந்தபோது வராத ஜீப்பு, கிழவர்கள் மருந்தின்றிக் கிடந்தபோது வராத ஜீப்பு, ஒரு சிறுத்தை படுத்துக் கிடக்கிறது என்றதும் சைரனோடு வந்தது!

ரேஞ்சர் சொன்னார்: “கதவைத் திறந்து வெளியே விரட்டிடலாம். போற போக்குல ஆட்டை அடிச்சாலும் அடிச்சிடும். பரவாயில்லை, நஷ்டஈடு வரும்.”

அவ்வளவுதான். பாப்பம்மாள் கதவிலே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதுகுக்கும் சிறுத்தைக்கும் நடுவே ஒரு பலகை. “என் ஆட்ட உசுரோட எடுங்க சாமி. அப்புறம் கதவத் தொறங்க.”

“அம்மா, அரசாங்கம் நஷ்டஈடு தரும்னு சொல்றேனே.”

“சம்பளம் கூடத் தர்றேன்னுதான் சொன்னாங்க சாமி.”

அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது. உள்ளே உறுமல் கேட்கும்போதெல்லாம் அவள் தோள் குலுங்கிற்று. ஆனால் எழவில்லை. அப்போது எட்மண்ட் போய் அவள் பக்கத்திலே ஒரு ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்தார். ஆடு படுக்குமுன் யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. செல்லையா பார்த்தார். ஒரு தொழிலாளியை உட்கார்த்தி வைத்துவிட்டு ஒரு சங்கச் செயலாளர் நிற்பதா? “தள்ளி உக்காரும் ஓய்” என்று அதே சாக்கிலே உட்கார்ந்தார். அவர் உட்கார, லயம் உட்கார்ந்தது. லயம் உட்கார, மூன்று சபையும் உட்கார்ந்தது. படுகப் பெரியவர்கள் முண்டாசைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். இருப்பது ஒற்றைத் தடம். வந்த ஜீப்பு திரும்பிப் போக வழியில்லை!

தாசில்தார் தயங்கிக் கேட்டார்: “இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?”

பாப்பம்மாள் சொன்னாள், “ஆடு.” செல்லையா சொன்னார், “அரிசி.” எட்மண்ட் ஒரு கணம் தயங்கினார். பரலோகத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். அவரும் சொன்னார், “அரிசி.”

“ஏற்பாடு பண்றேன்.”

“ஏற்பாடு வேணாங்கய்யா. லாரி வேணும்” என்றார் செல்லையா. “நாங்க பார்க்கணும்.”

போலீஸ் ஜீப்பின் வயர்லெஸ் கரகரத்தது. பொழுது சாயும் நேரம். மூடுபனிக்குள்ளே இரண்டு மஞ்சள் விளக்கு. லாரி! ரேஷன் அரிசி லாரி! அன்றைக்கு எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, இன்றைக்கு நீங்கள் எனக்குக் கைதட்டுவதெல்லாம் அதற்கு முன்னே எம்மாத்திரம்!

ஆனால் ஆடு? அதே லாரிக்குப் பின்னால் வந்திறங்கினார் ஒரு கால்நடை டாக்டர், மயக்க ஊசித் துப்பாக்கியோடு. “பயந்துபோன மிருகம் சாப்பிடாதும்மா. அதனாலதான் ஆடு பிழைச்சிருக்கு. சன்னல் வழியா ஊசி போடுறேன். மருந்து ஏறக் கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் யாராவது கத்துனா அது மிரளும், மிரண்டா ஆட்டு மேல பாயும். சத்தமே வரக்கூடாது” என்றார்.

சத்தமே வரக்கூடாதாம்! யாரிடம் சொல்கிறார்? எந்தப் பொழுதும் எதிர்ப்பாட்டுப் பாடும் மூன்று சபையிடம்! வாசலில் கோஷம் போட்டே வளர்ந்த சங்கத்திடம்! என்னிடம்!

ஊசி பாய்ந்தது. உள்ளே ஒரு உறுமல். வெளியே மூச்சுக்கூட இல்லை. அழுத பிள்ளைக்குத் தாய் பால் கொடுத்து வாயடைத்தாள். கடலைக்காரர் சட்டியைக் கையால் பொத்திக்கொண்டார். பாப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கமில்லாத செல்லையாவும் மூடிக்கொண்டார். ஒருத்தியின் ஒற்றை ஆட்டுக்காக ஒரு மலையே வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிறுத்தையின் தலை சாய்ந்தது. டாக்டர் விரலை உயர்த்தினார். இடுக்கிலே எட்மண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆடு, ராத்திரி முழுக்க நின்ற ஆடு, பகல் முழுக்க நின்ற ஆடு, மெல்ல நடந்து போயிற்று. கொட்டகையிலே காய்ந்திருந்த இடம் ஒன்றுதான், சிறுத்தை படுத்திருந்த மூலை. முன்னங்காலை மடக்கிற்று. இந்த முறை சொறியவில்லை. சிறுத்தையின் முதுகை ஒட்டி, சொகுசாக, சுகமாக, படுத்தது!

எட்மண்ட் அழுதார். செல்லையா இடுக்கிலே பார்த்துவிட்டுச் சொன்னார்: “மயக்க ஊசி போட்டு நெறவேத்துன தீர்க்கதரிசனம் ஓய் இது!”

எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “படுக்கும்னுதான் செல்லையா போட்டிருக்கு. எப்படிப் படுக்கும்னு போடலையே!”

சிறுத்தை கூண்டேறி முதுமலைப் பக்கம் போயிற்று. ஆடு மறுவாரம் இரண்டு குட்டி போட்டது. புது முதலாளி வந்து ஃபேக்டரி திறக்கிற வரைக்கும் மாதந்தோறும் அரிசி லாரி வந்தது. தாசில்தார் ஐயாவுக்கு நன்றி. மறுபடியும் இங்கே உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கும் நன்றி! ரோஸ்மேரி மட்டும் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறாள். எல்லாம் திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆகவே, நிறைவேறினவா? நேற்று மாலை பாப்பம்மாளையே போய்க் கேட்டேன். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “புலி படுத்துச்சு, ஆடு படுத்துச்சு, அது என்னமோ ஆகட்டும் சாமி. உபதேசியாரும் செல்லையாவும் ஒரே சாக்குல உக்காந்தாங்களே, அத எந்த வேதத்துலயாச்சும் போட்டிருந்தாங்களா?”

போட்டிருக்கவில்லை, பெரியோர்களே! எந்தத் தீர்க்கதரிசியும் அதைச் சொல்லத் துணியவில்லை! சங்க அறிக்கையிலும் இல்லை, என் பஞ்சாங்கத்திலும் இல்லை! எழுதி வைத்த வாக்கு நிறைவேறியதா என்று நீங்கள் விடிய விடிய வாதாடுங்கள். எழுதாத ஒன்று இந்த மலையிலே நிறைவேறியது! பசித்தவர் பசித்தவரோடு உட்கார்ந்தார்! அஞ்சியவள் எழுந்து ஓடவில்லை! அதைக் கண்ணாலே கண்டேன், அதற்கு நான் சாட்சி!

கடிகாரத்தைப் பார்க்கிறார் ஆயர் ஐயா, முடித்துக்கொள்கிறேன். திருநீறு பூசியவனை மேடையேற்றிய சபைக்கும், வாடையிலே கால் மரத்தும் எழுந்து போகாத உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. ஒரே ஒரு அறிவிப்பு. அடுத்து நடக்கும் பண்டிகை ஏலத்திலே முதல் பொருள், பாப்பம்மாள் காணிக்கையாகக் கொடுத்திருக்கும் கிடாக்குட்டி. எட்மண்டும் செல்லையாவும் எதிரெதிரே நின்று கேட்கப் போகிறார்கள். இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கோயிலுக்குக் கூரை போட்டுவிடலாம். வாழ்க நீங்கள், வளர்க கொழுந்து, வணக்கமுங்க!