தலைக்கவசத்தின் காது

மின்விசிறிச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது சார். நிறையப் பேர் அப்படித்தான். என் ஆராய்ச்சியே அந்தச் சாதாரண விஷயத்திலிருந்துதான் தொடங்கியது.

விண்வெளி உடைக்குள் இருப்பவருக்குச் சுற்றுச் சத்தம் கேட்டால் வேலை வேகமாக நடக்கும் என்பது என் கருத்து. அதற்காகத் தலைக்கவசத்தின் வெளியே இரண்டு மைக் பொருத்தினேன். துடியலூர் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் வேறு நினைப்பே இல்லை. உடையைப் போட்டுக்கொண்டு சோதனைக்கு நின்றவர் ஜெஃபின், எங்கள் ஃபிட்டர். பத்து போல்ட்டுகளை முடுக்க வேண்டும். மைக் இருந்தால் பதினோரு நிமிடம். மைக்கை அணைத்தாலும் அதே பதினோரு நிமிடம். கெட்டிக்கார மனிதர், என்ன செய்வது.

வெள்ளிக்கிழமை பரிசீலனைக் குழு வரவிருந்தது. இரண்டு நேரமும் ஒன்றாக இருந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் மதியம் உதவியாளர் ஹாரிகா சாப்பிடப் போனாள். நான் மைக்கை அணைத்துவிட்டு, உடைக்குள் நின்ற ஜெஃபினின் இடுப்பருகே காற்றுக்குழாயைத் தளர்த்தினேன். சீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. மூச்சு வாங்கினால் வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆறாவது போல்ட்டில் அவர் கை நின்றது. உள்ளே ரேடியோ வழியாக அவருக்குக் கேட்கக்கூடிய ஒரே குரல் என்னுடையது.

"ஏனுங்க மேடம், காத்து வருதுங்களா?"

"வருதுங்க ஜெஃபின். மிச்சத்தையும் முடுக்கிப்போடுங்க."

"என்ற மூச்சு மட்டுந்தானுங்க கேக்குது. பயமா இருக்குதுங்க. வெளிச் சத்தத்தக் கொஞ்சம் போட்டுவிடுங்க மேடம்."

பொத்தான் என் விரலடியில் இருந்தது. அழுத்தினால் சீறலைக் கேட்டுவிடுவார். கையை நீட்டிக் குழாயைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் நேரத்துக்கு முடித்துவிடுவார். நான் அழுத்தவில்லை.

உடையை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவர் கண்ணாடியைத் தட்டினார். மண்டியிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் தட்டுவது நின்றது. ஹாரிகா வந்து அலறும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சத்தம் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். என் ஆராய்ச்சி சொன்னதும் அதைத்தானே. சோதனை நேர அட்டவணையில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதவில்லை சார்.