அண்டாவில் விழாத வெங்காயம்

தலைமை இருக்கையை நிறைத்து வீற்றிருக்கும், காசிமேட்டு மீன் ஏலத்தில் குரல் கொடுத்தால் கடலே ஒரு கணம் அடங்கிக் கேட்கும் எங்கள் பவுனம்மாள் அக்கா அவர்களே, பந்தல் போட்டுப் பாதம் தேய்ந்த பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தங்கைகளே, உங்கள் அனைவரையும் அம்மன் சந்நிதியில் நின்று வணங்குகிறேன்.

நாளை ஆடி ஞாயிறு. கூழ் வார்க்கிறோம். பக்தியைப் பற்றிப் பேசு மதி என்றார்கள். நான் வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். யார் சிரிப்பது, பூவம்மாவா? சிரி தாயே. மேடையில் வாய் திறக்கக் கூசுகிற வியாதி இது. வாய் திறக்காமல் இருந்தே நான் வாடிப்போனேன்.

என்ன வியாதி? உண்டால் உப்பும். உப்பினால் உருளும். உருண்டால், நம் தெருப் பொதுக் கழிப்பறை வரிசையில் முன்னால் நிற்பவளின் முந்தானையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். "இன்னாடி மதி, காலைலேர்ந்து மூணாவது தபா வர்ற? வூடு மாத்திக்கினு இங்கயே வந்துட்டியா?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம் பூவம்மா, உன் பெயரை நான் சொல்லவில்லை.

பேருந்து ஏற அஞ்சினேன். கல்யாணப் பந்தியில் அமர அஞ்சினேன். அஞ்சாமல் இருந்தது அம்மனிடம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். அன்னம் தொடாமல் பாலும் பழமும் மட்டும். சொம்பு நிறையப் பால், தட்டு நிறைய மாம்பழம், மேலே தேன். என்ன ஆயிற்று தெரியுமா? மற்ற நாளில் முனகுகிற வயிறு, வெள்ளிக்கிழமையில் முழங்கியது. மளிகைக் கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள் நான். இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. தாயே, என் விரதத்தை நீ ஏற்கவில்லையா? எந்தக் குறை கண்டு என்னைத் தள்ளுகிறாய்? அழுதேன். செவ்வாய்க்கிழமையும் விரதம் சேர்த்துக்கொண்டேன். வயிறு இன்னும் மோசமானது.

என் வீட்டுக்காரர் தேசப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "கெளம்புமே ஆஸ்பத்திரிக்கு. சாமி உன்ன கொல்லாது, நீயே பூடுவ போல கீது." போனோம். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. சின்னதுக்கெல்லாம் சினந்துகொள்ளும் குடல் என்றார் டாக்டர். உணவு ஆலோசகர் ஐரீன் அம்மாவிடம் அனுப்பினார்.

கழுத்தில் சிலுவை போட்ட அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொதல்ல அந்த வெள்ளிக்கிழமை பாலையும் மாம்பழத்தையும் நிறுத்துங்கக்கா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என் சாமிய உடச் சொல்றியா?" என்று எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விரதத்த விடச் சொல்லல. தட்ட மாத்தச் சொல்றேன்."

வெளிநாட்டில் சில ஆண்டுகளாகப் பேசப்படும் உணவு முறையாம். லோ ஃபாட்மேப் என்று பெயர். சில உணவுகளில் உள்ள சில வகைச் சர்க்கரைகள் முழுதாகச் செரிக்காமல் குடலுக்குள் இறங்கி, தண்ணீரை இழுத்து, புளித்து, காற்றாகின்றன. மற்றவர் குடல் தாங்கும். என் குடல் தாங்காது. பால், மாம்பழம், தேன், கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு எல்லாம் அந்தக் கூட்டம். அம்மன் என்னைத் தள்ளவில்லை, தாய்மார்களே. அவள் பெயரைச் சொல்லி நானே என் வயிற்றை வதைத்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். சோறு, மீன், முட்டை, கேரட், கத்தரிக்காய். மீனுக்குத் தடையில்லை அக்கா, உங்கள் வியாபாரம் பிழைத்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். அதுதான் முக்கியம். ஒதுக்குவது ஆயுள் தண்டனை அல்ல, ஆராய்ச்சி. கொஞ்சம் தயிர் ஒத்துக்கொண்டது. துளி பருப்பும் ஒத்துக்கொண்டது. வெங்காயமும் பூண்டும் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. உங்களில் யாருக்கேனும் இந்த வேதனை இருந்தால், நீங்களாகப் பட்டினி கிடக்காதீர்கள். ரத்தம் போனால், உடல் இளைத்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

"வெங்காயம் இல்லாம மீன் கொழம்பா? அது இன்னா கொழம்பு?" என்கிறாள் பூவம்மா. நல்ல கேள்வி. வெங்காயத்தையோ பூண்டையோ எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டால் வாசனை நிற்கும், வம்பு போய்விடும். ஏனென்றால் அதன் சர்க்கரை எண்ணெயில் இறங்காது. தண்ணீரில் இறங்கும். தண்ணீரில் இறங்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், அதற்காகத்தான் இந்த மேடை ஏறினேன்.

ஆடிதோறும் உங்களோடு அமர்ந்து மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் உரிக்கிறேன். கேழ்வரகும் நொய்யும் கொதிக்கிற வாசம் தெருவை நிறைக்கிறது. ஆறியதும் மோரையும் வெங்காயத்தையும் அண்டாவிலேயே கொட்டிக் கலக்குகிறோம். அந்தக் கணத்தோடு அந்தக் கூழ் எனக்கு அந்நியமாகிவிடுகிறது. பொறுக்கி எறிந்தாலும் பயனில்லை, சாறு இறங்கிவிட்டது. நீங்கள் சொம்பேந்தி நிற்கிறீர்கள். நான் ஜன்னலுக்குள் நிற்கிறேன். ஏக்கம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது வேப்பிலையும் கேழ்வரகும் கலந்த வாசம். கைக்கு எட்டும் தூரத்தில் ஆவி பறந்துகொண்டிருக்கும்.

என்ன அக்கா? பவுனம்மாள் அக்கா சொல்கிறார்: "அதுக்கு இன்னாடி, கலக்கறதுக்கு முன்னாடி ஒனக்கு ஒரு சொம்பு தனியா எடுத்து வெக்கிறேன்."

உங்கள் மனசு பெரிது அக்கா. ஆனால் வேண்டாம். தனிச் சட்டி, தனிக் குழம்பு, தனி மூலை என் வீட்டிலேயே இருக்கின்றன. தனியாகக் குடித்தால் அது கேழ்வரகுக் கஞ்சி. எல்லோரோடும் குடித்தால்தானே அம்மன் கூழ்? நான் ஏங்குவது கூழுக்கா, வரிசைக்கா? என் முன்னால் ஒருத்தி, என் பின்னால் ஒருத்தி, நடுவில் நான். அந்த இடத்துக்குத்தான் ஏங்குகிறேன்.

ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். வெங்காயம் அண்டாவில் விழ வேண்டாம். கூடையில் இருக்கட்டும். மோர் பானையில் இருக்கட்டும். கூழ் வாங்கியபின் வேண்டியவர் சொம்பில் வேண்டியதைச் சேர்க்கட்டும். அம்மனுக்குப் படைப்பதில் குறையில்லை. அண்டாவும் ஒன்றுதான். கேட்பது தவறென்றால் சொல்லுங்கள், இறங்கிவிடுகிறேன்.

அக்கா எழுந்துவிட்டார். கூட்டத்தைக் கேட்கிறார். "இன்னாங்கடி, சம்மதமா?" கைகள் உயர்கின்றன. பூவம்மா இரண்டு கையையும் தூக்குகிறாள், ஒன்று போதும் தாயே.

அக்காவின் தீர்ப்பையும் கேளுங்கள்: "சரி. ஆனா வெங்காயக் கூடைய வெச்சிக்கினு அண்டா பக்கத்துல நீதான் நிக்கணும். அல்லார் கையிலயும் நீதான் குடுக்கணும்."

நிற்கிறேன் அக்கா. கடைசிக் கை நீளும்வரை கொடுக்கிறேன். பிறகு வெங்காய வாசம் வீசும் இந்தக் கையைக் கழுவிக்கொண்டு, சொம்போடு வரிசையின் வாலில் வந்து நிற்பேன். எனக்குப் பின்னால் நிற்க மட்டும் யாராவது ஒருத்தி வாருங்கள்.

கூசாமல் கேட்ட காதுகளுக்கு என் நன்றி, வணக்கம்.