பொண்ணு போய்ப் பார்க்கட்டும்

என் பேச்சு எப்போது முடியுமோ என்று கைக்கடிகாரத்தைக் கனிவோடு நோக்கும் தலைவர், பங்குச் சாமியார் அவர்களே, முன்வரிசையில் முத்து முத்தாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பாய் போட்டு இடம் பிடித்த பாசமிகு தாய்மார்களே, பந்தி வாசம் இழுத்தும் நகராமல் நிற்கும் பங்காளிகளே, ஓமலூர்ச் சாலையில் லாரி ஓட்டிப் பிழைக்கும் இந்த மிக்கேலின் வணக்கம்.

அஞ்சாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ஆகவே அடுக்குமொழி வராது; வந்தால் அது விபத்து.

என் தங்கை ஜெபமலரின் ஒரே மகள் ஜோஸ்லினை உங்களுக்குத் தெரியும். படித்த பெண், பதவிசான பெண், பாடகர் குழுவில் பக்கத்து ஆள் சுதி விலகினால் கிள்ளி வைக்கிற பெண். "கன்னியர் மடத்துக்குப் போலாமான்னு யோசிக்கறேன் மாமா" என்றது. கவனியுங்கள்: போகிறேன் என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றது.

அஸ்தம்பட்டிப் பக்கத்து மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். 'பார்க்க வாராங்க' என்ற சொல் பக்கத்து வீட்டு சாரதாமணி அக்கா காதில் விழுந்தது. அவ்வளவுதான். கேசரி வந்தது, கனகாம்பரம் வந்தது, ஜோஸ்லின் தலையில் பூ ஏறியது. சிஸ்டர் தனியாக வந்து உட்கார்ந்ததும், அக்கா வாசலை எட்டி எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பின்னால வாராங்களா?"

அக்கா, முந்தானையில் மூஞ்சியை மறைக்காதீங்க, ஊருக்கே தெரிந்த கதைதான்.

சிஸ்டர் சிரித்தார். "நாங்க பொண்ணு பார்க்க வரலைங்கம்மா. பொண்ணுதான் வந்து எங்களைப் பார்க்கணும். 'வந்து பார்' முகாம்னு பேரு. பிடிச்சா மேற்கொண்டு யோசிக்கட்டும். பிடிக்கலைன்னா பஸ் ஏறட்டும்."

எத்தனை தட்டு பஜ்ஜி தின்றிருக்கிறோம் நாம்? எத்தனை பெண்களை நிற்க வைத்து, நடக்க வைத்து, பாட வைத்துப் பார்த்திருக்கிறோம்? 'போய்ச் சொல்லி அனுப்பறோம்' என்று எத்தனை வாசல் தாண்டியிருக்கிறோம்? பெண்ணைப் பார்ப்பது நமக்குப் பழக்கம் என்றால், பெண் போய்ப் பார்ப்பது மட்டும் பாவமா?

நாளைக்கு அவள் முகாமுக்குக் கிளம்புகிறாள். அதற்குள் சொந்தம் இரண்டாகி நிற்கிறது. ஒரு பக்கம், "ஒத்தப் புள்ளையை மடத்துக்கு அனுப்பறதா?" என்கிறது. மறுபக்கம் செய்த வேலையை, அதோ, பந்தலுக்கு இடப்புறம் பாருங்கள். பனைமர உயரத்துக்கு பிளக்ஸ். ஜோஸ்லின் படம், தலையில் முக்காடு, அது கம்ப்யூட்டர் போட்டது. 'எங்கள் மண்ணின் முதல் கன்னியாஸ்திரியே, வாழ்க!'

நேற்று அதைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது: "பிடிக்கலைன்னா இனி எப்படி மாமா திரும்பி வாரது?"

ஆகவே அந்த பிளக்ஸைக் கழட்ட வேண்டும். யாரது, கழட்டினால் மரியாதையாக இருக்காது என்கிறது? கட்டும்போது அவளைக் கேட்டீங்களா பங்காளி?

போகக் கூடாது என்போருக்கும் சொல்கிறேன், போனால் வரக் கூடாது என்போருக்கும் சொல்கிறேன். அவள் போவாள். பார்ப்பாள். கேட்பாள். இருக்கத் தோன்றினால் இருப்பாள், வரத் தோன்றினால் வருவாள். போகும் நாளிலும் தாய்மாமன் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வந்தால் வரும் நாளிலும் நிற்பேன். எவன் சிரித்தாலும் எதிரே நின்று நானும் சிரிப்பேன். என் பல் பெரிது. ஆண்டவர் அழைத்தால் அவளுக்குக் கேட்கும். நடுவில் நாம் ஒலிபெருக்கி வைத்துக் கத்த வேண்டாம்.

இப்போது இறங்கிப் போய் அந்த பிளக்ஸ் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போகிறேன். லோடு மேலே தார்ப்பாய் கட்டி அவிழ்த்த கை இது. முடிச்சு என்னை ஒன்றும் செய்யாது. பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. பொறுக்காதவருக்கும் நன்றி. இயேசுவுக்கே புகழ். யாராவது வந்து ஏணியைப் பிடிங்க.