ரெட்டியபட்டிக் காரின் தோல் வளையம்

சபை ஐயரவர்களுக்கு,

தோலை ஊறவைக்க நல்லெண்ணெய் உதவாது. விளக்கெண்ணெய்தான் வேண்டும், மூன்று நாள் கிடந்தால் மாட்டுத்தோல்கூடச் சொன்னபடி வளையும். ஆறு மாதமாக நான் ஏன் திருவிருந்துக்கு வருவதில்லை என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதியாவது கொடு என்றீர்கள். தொழிலில் இருந்துதான் எனக்கு எதையும் தொடங்க வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சௌந்தரபாண்டியன் முதலாளியின் கார் உங்களுக்குத் தெரியும். ரெட்டியபட்டிக்கே அது ஒன்றுதான். பங்குனியில் அதன் கியர் பெட்டி எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. பெட்டியின் பின்பக்கம், சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில், எண்ணெயை மறித்துக்கொள்ள ஒரு வளையம் உண்டு. அது தேய்ந்து போயிருந்தது. யுத்தக் காலத்தில் சீமையிலிருந்து வளையத்துக்கு எங்கே போவது? முதலாளி மதுரைக்கு எழுதிப் பார்த்தார், பதிலே இல்லை. கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். செருப்புத் தோலை வெட்டி, ஊறவைத்து, கிண்ணம் போலக் குவித்து வளையம் செய்ய இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் யாரும் இல்லை.

வேலை நடந்த நாலு நாளும் அத்தை வீட்டில்தான் சாப்பாடு. அத்தை மகள் அற்புதமேரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாத வயிற்றோடு, குனிய முடியாமல் குனிந்து எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றியது அவள்தான். "மாமா, இன்னுங்கொஞ்சம் ஊத்திக்கோங்க" என்பாள். நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை.

அவள் எனக்கு உரிமைப்பெண் என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகும் விடாத வழக்கம் ஒன்று இருக்கிறது. உரிமை உள்ளவன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால், அவன் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும். அவன் எடுத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச்சு. அத்தை தட்டை வைத்தாள். முதலாளியின் டிரைவர் யேசுதாசனைத்தான் கட்டுவேன் என்று அற்புதமேரியே சொல்லிவிட்டாளாம். நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டவன் மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்ளவும் இல்லை. கல்யாணப் பந்தியில் நான்தான் சாம்பார் வாளி தூக்கினேன், நீங்களே பார்த்தீர்கள்.

திங்கட்கிழமை மத்தியானம். கார் களத்து ஓரம் வேப்பமரத்தடியில் நின்றது. நான் அதன் அடியில் படுத்திருந்தேன். அத்தையின் பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஏப்பா செல்வதுரை, அற்புதமேரிக்குப் புள்ள குறுக்க கெடக்காம். தன்னால முடியாது, ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்கன்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. யேசுதாசன் முதலாளி வீட்டுல பெட்ரோல் டின்னு வாங்கப் போயிருக்காரு. வண்டிய எடுத்து வையி."

சொல்லிவிட்டு அவள் திரும்பி ஓடினாள். யேசுதாசன் வந்து சேரக் கால் மணி நேரம் ஆனது. சட்டைகூடப் போடவில்லை. ஒரு கையில் டின், மறு கையில் வேட்டியைச் சேர்த்துப் பிடித்திருந்தான்.

"அண்ணே, வண்டிய எடுக்கேன்" என்றான்.

"கியர் பெட்டியில எண்ணெ இல்லப்பா" என்றேன்.

அவன் டிரைவர். என் வார்த்தையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. குனிந்து அடியில் வந்து, பெட்டியின் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கீழே மண் கறுத்திருந்ததைப் பார்த்தான். "அம்புட்டும் ஒழுகிருச்சா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

"பெட்டி போனாப் போகுதுண்ணே. முதலாளி என்னய வெட்டிப் போட்டாலும் சரி. எண்ணெ இல்லாமலே ஓட்டிர்றேன்."

"ரெண்டு மைல்ல பல்லு இறுகி நடுரோட்டுல நின்னுரும். வலியில துடிக்கிறவள வச்சுக்கிட்டு பொட்டக்காட்டுல என்ன செய்வ? மாட்டப் பூட்டு."

அது சரியான யோசனை. தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவன் டின்னை அங்கேயே போட்டுவிட்டு மாட்டுக்கு ஓடினான். ஊரில் வேறு எங்கும் அந்த எண்ணெய் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும்.

ஆசுபத்திரிக்குப் பத்து மைல், பத்தும் வெயில். கூண்டு வண்டி பாதி வழி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து நீங்கள்தான் அடக்கம் செய்தீர்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றீர்கள். எனக்கும் அழுகை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது தவறு.

யேசுதாசன் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒம்மேல குத்தமில்லண்ணே, எங்க தலயெழுத்து" என்று அழுதான். அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இப்போது ஊர் வேறு மாதிரி பேசுகிறது. செல்வதுரை வைத்த தோல் ஒழுகித்தான் இரண்டு உயிர் போனதாம். முதலாளி காரை விருதுநகர் ஆளிடம் கொடுத்துவிட்டார். அத்தை எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருபது வருஷத் தொழிலுக்கு இந்தப் பெயர் நியாயமா, ஐயா? அப்பத்தையும் ரசத்தையும் எடுக்கக் கை நீட்டினால் சபை முழுக்க என் கையையே பார்க்கும். அந்தக் கை கெட்ட வேலை செய்த கை என்று நினைக்கும்.

அதனால்தான் இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் ஒழுகவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கே வேலை முடிந்துவிட்டது. முதலாளி நாலு வாரம் காத்திருந்து வாங்கிய கியர் எண்ணெயை ஊற்றி, கண்மாய்க்கரை வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து கீழே வெள்ளைத் துணி விரித்து இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. சென்னைப் பட்டணம் வரைக்கும் போய்வந்திருக்கலாம் அந்த வண்டியில்.

நிழலுக்காகத்தான் காரின் அடியில் படுத்திருந்தேன்; சங்கரம்மாள் சொல்லிவிட்டுப் போனதும் வெளியே வந்து உட்கார்ந்தேன். பிறகு மறுபடி படுத்து, பெட்டியின் அடித் திருகாணியைக் கழற்றினேன். வெயிலில் எண்ணெய் இளகியிருந்தது, சீக்கிரம் இறங்கியது. கரிசல் வெடிப்பு எவ்வளவு விட்டாலும் குடிக்கும். கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்துவிட்டு, ஆணியைப் பழையபடி முடுக்கினேன்.

வண்டி தயாராக இல்லை என்று வாயால் சொன்னாலே அவன் நம்பியிருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் எண்ணெயை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னால் அது பொய், ஐயா. சின்ன வயதிலிருந்து நான் பொய் சொன்னதில்லை.

இப்படிக்கு,
செல்வதுரை